புதுக்குப்புறம் இல்லாத சாலைகள்

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு சொல் வருகிறது. கோயிலைப் புதுக்குவதற்காக, அதாவது காலப்போக்கில் சிதைவனவற்றைச் செப்பனிடுவதற்காக விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரியின் பராமரிப்புக்காக விடப்பட்ட நிலத்துக்கு 'ஏரிப்பட்டி' என்று பெயர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்ற ஒரு குழுவையே குறிப்பிடுகின்றன. கட்டுவது ஒரு நாள் விழா. காப்பது தலைமுறைகளின் வேலை என்பதை அறிந்திருந்தவர்கள், கட்டும்போதே காப்பதற்கான வருவாயையும் எழுதி வைத்தார்கள்.

இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையின் சாலைகளைப் பார்ப்பது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வழியாக அடையாறு வரை ஒரு மழைக்காலத்தில் கார் ஓட்டிச் செல்பவர், ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் கொடுக்கும் தொகை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டுக்கொண்டு போனால், நாம் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நம் சாலைகளுக்குப் புதுக்குப்புறம் இருந்ததா? இருந்ததென்றால் அது என்னவாயிற்று?

ஓர் ஆர்மீனியரின் பாலம்

இருந்தது என்பதற்கு ஒரு சான்று சைதாப்பேட்டையில் உண்டு. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்து பெரும் பொருள் ஈட்டியவர். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்பவர்கள் அடையாற்றைக் கடக்கப் படும் பாட்டைக் கண்டு, 1726ஆம் ஆண்டில் தம் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். அதுவே மர்மலாங் பாலம். மாம்பலம் என்ற பெயர் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். பரங்கிமலை ஏறும் படிகளையும் அவரே அமைத்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல் அதன் பராமரிப்புக்கென்றும் அவர் தனியே பணம் ஒதுக்கினார். ஜூல்ஃபா நகரத்து மரபில் வந்த அந்த ஆர்மீனியருக்கும், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்ச் சபைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் இரு தரப்பாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். செப்பனிட ஆளும் பொருளும் குறிக்கப்படாத கட்டுமானம், அரைகுறைக் கட்டுமானம்தான்.

அப்பாலம் இருந்த இடத்தில் 1960களில் புதிய பாலம் எழுந்தது. இன்று அதனை மறைமலை அடிகள் பாலம் என்கிறோம். நாள்தோறும் பல்லாயிரம் வாகனங்கள் அதன்மீது போகின்றன. உஸ்கானின் கல்வெட்டு அருகிலேயே நின்ற காலத்திலும், அதை நின்று படித்தவர் அரிது.

வரி வந்த வழி

தனியார் கொடையை நம்பி ஒரு நகரம் நடக்க முடியாது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழைமையானது. எனினும் தெருக்களைச் செப்பனிடுவதற்கென்று ஒழுங்கான வரி ஏற்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1793ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சாசனச் சட்டம், கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களில் தெருக்களைத் துப்புரவு செய்யவும் காவல் காக்கவும் செப்பனிடவும் வீட்டு உரிமையாளர்களிடம் வரி தண்ட வழி செய்தது. வீட்டின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. இன்று நாம் செலுத்தும் சொத்து வரியின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அவ்வரி விதிக்கப்பட்டதற்கான காரணங்களில் தெருவைச் செப்பனிடுதல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தது என்பதை நினைவில் கொள்வோம்.

பிறகு மோட்டார் கார் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குக் காரில் போய்வந்ததை நகரம் வேடிக்கை பார்த்தது. 1903இல் சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையே இங்கே உருவாக்கினார். கார் வாங்கிய முதல் சென்னை இந்தியராகக் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரைச் சொல்வது வழக்கம்.

அன்றைய சாலை மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் ஆனது. சரளையையும் ஜல்லியையும் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கிய மெக்காடம் சாலை. இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல்லை நொறுக்கித் தூளாக்கும். அத்தூளே கற்களுக்கிடையில் இறங்கிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். விரைந்து செல்லும் ரப்பர் டயரோ அந்தத் தூளை உறிஞ்சி வெளியே எறிந்தது. தூள் போனபின் கல் பெயர்ந்தது. கல் பெயர்ந்தபின் பள்ளம் விழுந்தது. இந்தத் தொல்லை உலகம் முழுவதற்கும் பொதுவாக இருந்தமையால், 1908இல் பாரிஸ் நகரில் முதல் பன்னாட்டுச் சாலை மாநாடு கூடியது. தார்ச்சாலை பரவியது இந்தச் சூழலில்தான்.

இந்தியாவில் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட குழு, சாலைகளின் வளர்ச்சி உள்ளூர் மன்றங்களின் சக்தியை மீறிவிட்டது என்று 1928இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1929இல் பெட்ரோலுக்குக் காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்துச் சாலைகளுக்கென்று மத்திய நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1931ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளூர் மன்றங்கள் சுங்கச்சாவடி வைத்துத் தண்டிவந்த கட்டணங்கள் நீங்கின. அதற்கு ஈடாக வாகன வரியிலிருந்து அவற்றுக்குப் பங்கு தரப்பட்டது.

இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்துவிட்டது. சாவடியில் கொடுத்த காசு அந்தச் சாலைக்கானது என்பது கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் தெரியும். பெட்ரோலோடும் வாகனப் பதிவோடும் சேர்த்துக் கொடுக்கும் வரி ஒரு பெருங்கடலில் கலக்கிறது. எந்தத் துளி எந்தத் தெருவுக்கு என்று எவரும் சொல்ல முடியாது. வருவாய் பன்மடங்கு பெருகியது உண்மை. ஆனால் புதுக்குப்புறத்தின் உயிரான அம்சம், இன்ன பொருள் இன்னதைக் காக்க என்னும் குறிப்பு, அன்றே மங்கத் தொடங்கிவிட்டது.

ஏரியின்மேல் ஒரு நகர்

தி. நகரின் கதை இதே காலத்தையது. மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகள் சேர்ந்து கிடந்த நீண்ட நீர்ப்பரப்பின் ஒரு பகுதியை வடித்து, 1920களில் மாம்பலம் நகரமைப்புத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது தியாகராய நகர். பனகல் பூங்காவை நடுவாக வைத்து வீதிகள் பிரியும் அழகை நகரமைப்பு மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை 'லேக் வியூ ரோடு' என்ற பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது. ஏரி மட்டும் இல்லை. ஆனால் நீர் தன் பழைய இருப்பிடத்தை மறப்பதில்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கும் இந்நகரத்தில், தாழ்ந்த இடத்தைத் தேடி அது வந்துகொண்டுதான் இருக்கும்.

தாருக்குப் பகை நீர். முதலில் மேற்பரப்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. அதன் வழியே நீர் இறங்கி, ஜல்லிக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பைக் கழற்றுகிறது. மேலே கனரக வாகனம் போகும்போது உள்ளே தேங்கிய நீர் அழுத்தப்பட்டு வெளியே பீய்ச்சும். வரும்போது அடிமண்ணையும் கரைத்துக்கொண்டு வரும். உள்ளே வெற்றிடம் ஏற்பட்டபின் ஒரு நாள் மேல் தோல் உட்கார்ந்துவிடுகிறது. நாம் காணும் பள்ளம் நோயின் கடைசிக் கட்டம். விரிசல் கண்ட மாதத்திலேயே அடைத்திருந்தால் மிகச் சிறிய செலவில் முடிந்திருக்கும் வேலை அது.

இதில் யார் குற்றவாளி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரும் சோதனை நடந்தது. தனியே போடப்பட்ட சாலைகளில் சரக்கு வண்டிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் சுமை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பது அதிலிருந்து பிறந்த விதி. சுமையின் நான்காம் அடுக்கு என்பார்கள். காரின் ஓர் அச்சில் அரை டன், பேருந்தின் பின் அச்சில் பத்து டன் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பேருந்து அச்சு ஒருமுறை கடப்பது 1,60,000 கார் அச்சுகள் கடப்பதற்குச் சமம். ஊருக்குப் பேருந்து வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. எனினும் சிறு கார் சாலையைக் கெடுப்பதில்லை, கெட்ட சாலைதான் காரைக் கெடுக்கிறது என்பது இந்த எண்ணிக்கையால் தெளிவாகிறது.

பட்டறையில் தெரியும் கணக்கு

கெடுப்பது எவ்வாறு? நீர் நிரம்பிய பள்ளத்தின் ஆழம் ஓட்டுபவருக்குத் தெரியாது. சக்கரம் இறங்கி எதிர் விளிம்பில் மோதும்போது டயர் அந்த விளிம்புக்கும் இரும்பு ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. உள்ளிழைகள் அறுந்து பக்கவாட்டில் கட்டிபோல் புடைக்கிறது. அத்தகைய டயரை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ரிம் வளைகிறது. அலைன்மென்ட் விலகி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. நாளாவட்டத்தில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன.

இழப்பீடு கேட்கலாமே என்றால், காப்பீட்டுப் பத்திரத்தின் பொதுவான விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. வாகனத்தின் பிற பகுதியும் அதே விபத்தில் சேதமடைந்தாலன்றி டயருக்கு எதுவும் கிடையாது. அவ்வாறு சேதமடைந்தாலும் டயரின் மாற்று விலையில் பாதிதான். தனிக் கட்டணத்தில் கூடுதல் பாதுகாப்பு வாங்கியோர் நிலை வேறு. சிறு தொகைக்கு இழப்பீடு கோரினால் அடுத்த ஆண்டுக்குரிய சலுகை போய்விடும் என்பதால் பலர் கேட்பதுமில்லை. ஒரே மோதலில் உடைந்தால் விபத்து. நூறு பள்ளங்களில் சிறிது சிறிதாகத் தளர்ந்தால் தேய்மானம். சாலையின் பழுது, சொற்களின் வழியே வண்டியின் இயல்பாக மாறிவிடுகிறது!

சொத்து வரி, வாகன வரி, எரிபொருள் வரி என மூன்று வழிகளில் சாலைக்குக் கொடுத்தவர், நான்காவது முறையாகப் பட்டறையில் கொடுக்கிறார். சொந்தக் காரில் செல்வோருக்கு இது எரிச்சல். வாடகைக் காரையும் ஆட்டோவையும் தவணையில் வாங்கி ஓட்டுவோருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பைத் தொடும் செய்தி.

பெரிய பள்ளமும் சிறிய பள்ளமும்

2017 ஏப்ரல் 9ஆம் தேதி, ஞாயிறு பிற்பகல். அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளிக்கு அருகே மெட்ரோ ரயில் சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தின்மேல் சாலை திடீரென்று உள்வாங்கியது. 25ஜி மாநகரப் பேருந்து ஒன்றும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கி நின்றன. நல்லூழாக உயிரிழப்பு இல்லை. செய்தி நாடெங்கும் பரவியது, பொறியாளர்கள் விரைந்தார்கள், பள்ளம் நிரப்பப்பட்டுச் சில நாட்களில் போக்குவரத்தும் மீண்டது.

அவ்வளவு பெரிய பள்ளம் சில நாட்களில் மூடப்படும்போது, அதே ஊரில் ஒரு முழம் அகலப் பள்ளம் மாதக்கணக்கில் வாழ்வது எப்படி? திறமைக் குறைவு காரணமில்லை என்பதற்கு அண்ணா சாலையே சாட்சி. பெரிய பள்ளத்துக்கு உடனே ஓர் உரிமையாளர் கிடைத்தார். சிறிய பள்ளத்துக்கு உரிமையாளர் பலர், ஆகவே எவருமில்லை. பெருஞ்சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை, ஏனையவை மாநகராட்சியுடையவை. அவற்றிலும் பேருந்து செல்லும் சாலை ஒரு துறை, உட்புறத் தெரு மண்டல அலுவலகம். சாலைக்கு அடியில் செல்லும் குழாய்கள் 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்கம்பி மின்வாரியத்துடையது, இணையக் கம்பி தனியாருடையது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகவும், திருமயிலை, பனகல் பூங்கா வழியாகவும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைகள் துளைக்கப்படுகின்றன. ஒருவர் போட்ட சாலையை இன்னொருவர் வெட்டுகிறார். மூடுவதற்கான கட்டணத்தை மூன்றாமவரிடம் கட்டுகிறார். மழைக்காலத்தில் சாலை வெட்டுக்குத் தடை விதிப்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். ஆனால் மழைக்கு முன்பே வெட்டி, சரியாக இறுக்காமல் மூடிய இடம்தான் முதல் மழையில் உட்காரும்.

சட்டம் என்ன சொன்னது?

1788ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரஸ்ஸல் என்பவர் வழக்குத் தொடுத்தார். பழுதான பாலம் ஒன்றில் தம் வண்டி சேதமடைந்ததற்கு டெவன் மாவட்டத்து மக்கள் ஈடு தர வேண்டும் என்பது அவர் வாதம். நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒருவர் நட்டப்படுவது, ஊர் முழுவதும் தொல்லைப்படுவதைவிட மேல் என்பது தீர்ப்பின் உட்கருத்து. அதிலிருந்து கிளைத்த கொள்கை நெடுங்காலம் நிலைத்தது. தவறாகச் செய்தால் அதிகாரிகள் பொறுப்பு. ஒன்றுமே செய்யாதிருந்தால் பொறுப்பில்லை! சோம்பலுக்குச் சட்டமே குடை பிடித்தது. இங்கிலாந்து 1961இல் ஒரு சட்டம் இயற்றி அந்தக் குடையை மடக்கியது. இன்று அங்கே பள்ளத்தில் டயர் உடைந்தவர் உள்ளூர் மன்றத்திடம் ஈடு கோரலாம். மன்றம் தப்ப வேண்டுமானால், தக்க காலத்தில் சாலையைச் சோதித்துச் செப்பனிட்டுவந்ததாகப் பதிவேடுகளைக் காட்ட வேண்டும்.

நம் நாட்டில் வழி சீராக இல்லை. டில்லியில் மணிக்கூண்டு இடிந்து உயிர்கள் பலியான வழக்கில், பராமரிக்கத் தவறிய மாநகராட்சியே பொறுப்பு என்று 1966இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 1997இல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில் மாநகராட்சியை அது பொறுப்பாக்கவில்லை. 2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்தனர் என்ற கணக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சியை வெளிப்படுத்தினர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறியவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. ஆனால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால்தான் அப்பிரிவு பொருந்தும். அபராதத் தொகையும் விபத்து நிதிக்குச் செல்லும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பள்ளத்தால் நேரும் மரணத்துக்கு ஆறு லட்சம் ரூபாயும் காயங்களுக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரையும் ஈடு தரவேண்டும் என்று உத்தரவிட்டது.

உயிருக்கும் உடலுக்கும் முதலிடம் தருவது நியாயமே. ஆனால் வளைந்த ரிம்மைக் கையில் வைத்திருப்பவர் எளிதாகத் தட்டக்கூடிய கதவு இன்னும் ஏற்படவில்லை. அந்த ரிம் ஓர் எச்சரிக்கை என்பதை நாம் மறக்கலாகாது. இன்று காரின் சக்கரத்தை வளைத்த பள்ளம்தான் நாளை இரவு இருசக்கர வாகனத்தில் வருபவரைக் கீழே தள்ளப் போகிறது.

உயரும் சாலை, தாழும் வீடு

பராமரிப்பு என்ற பெயரில் நடந்தவற்றிலும் ஒரு விபரீதம் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தாரை ஊற்றுவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயரும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில், படியேறிப் போக வேண்டிய வாசலுக்குப் படியிறங்கிப் போகும் நிலை வந்தது இவ்வாறுதான். சாலை நீர் வீட்டுக்குள்ளும், வெளியேற வழியில்லாத நீர் சாலையின் ஓரத்திலும் தேங்க, அடுத்த பள்ளத்துக்கு அங்கேயே வித்து விழுந்தது. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். மிக எளிய விதி. ஆனால் அதை எழுத்தில் சொல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நல்ல முன்மாதிரிகளும் இந்நகரத்திலேயே உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் பூசித் தாரோடு கலக்கும் முறையைக் கண்டறிந்தார். ஜல்லியின்மேல் படியும் அப்பூச்சு நீர் உட்புகாமல் தடுக்கும். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002ஆம் ஆண்டிலேயே பிளாஸ்டிக் கலந்த சாலை போடப்பட்டது. நாட்டின் முன்னோடிச் சாலைகளில் அதுவும் ஒன்று. 2018இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அறிவு நம்மிடம் இருந்தது. பெரிய பொருளும் தேவைப்படவில்லை.

ஆகவே குறை எங்கே என்பது தெளிவு. புதுச்சாலைக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு, நிதி ஒதுக்கீட்டுச் செய்தி உண்டு. விரிசலை அடைப்பவருக்கு இவை எதுவும் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் சாலை போட்ட ஆண்டு, போட்டவர் பெயர், குறைகளை அவரே நீக்கித்தர வேண்டிய காலம், அக்காலம் முடிந்தபின் பொறுப்பேற்கும் அலுவலகம், பராமரிப்புக்கென அந்தத் தெருவின் கணக்கில் ஒதுக்கிய தொகை ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தால் போதும். கல்லில் வெட்ட வேண்டாம். தகரப் பலகையில் எழுதினாலும் சரி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை தன் ஏரிக்குச் செய்ததைத்தான் நாம் நம் தெருவுக்குக் கேட்கிறோம். அப்பலகை வைக்கப்படும் நாளில், பள்ளத்தில் இறங்கிய காரின் ரசீதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.